எட்டாம் லைன் கிடையாது

ஒன்பது என்று அடித்திருக்கக் கூடாது, எட்டு என்று அடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இது கண்ணில் பட்டபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. சிகாமணிக்கு ஒன்றுமே ஆகவில்லை. வயிற்றைப் பிசைய வேண்டாமா, உள்ளங்கை வேர்க்க வேண்டாமா, ஒரு மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் பெண்டாட்டியின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறான், அதுவும் தெரியாத்தனமாய், ஒரு தப்பால், அதற்கு நெஞ்சாவது ஒரு தரம் தூக்கிப் போட வேண்டாமா? ஒன்றும் இல்லை. வலது கையில் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மூன்று வாரமாக மரத்துக் கிடக்கின்றன. மௌஸைப் பிடித்துப் பிடித்து வந்த வினை என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு விரலையும் இடது கையால் கிள்ளிப் பார்த்தான், வேறு யார் கையையோ கிள்ளினாற்போல இருந்தது. கை மரத்து மனசுக்கு ஏறியதா, மனசு மரத்துக் கைக்கு இறங்கியதா, யார் கண்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கீழே கூடம் முழுக்க மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாடியறையில் அவன் மேஜை எப்போதும் மெல்ல அதிர்ந்துகொண்டேதான் இருக்கும், டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக எழும்பும். திருப்பூருக்குச் சற்று வெளியே இருக்கிற இந்தப் பனியன் கம்பெனியில் தெய்வசிகாமணி என்ற முழுப்பெயர் வருகைப் பதிவில் மட்டும்தான், மற்றபடி சிஸ்டம் சிகாமணி. நாலு மணிக்கு மீட்டிங். ஆர்டர் குறைந்துபோனதால் பதினொரு தையல் லைன்களில் ஒன்றை இன்றைக்கு எடுத்துவிடப் போகிறார்கள். எதை எடுப்பது என்பதைச் சிகாமணி போட்ட படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

லைன். இந்த ஒரு வார்த்தையிலேயே அவன் பிழைப்பு முழுக்க ஓடிப்போய்விட்டது என்று நினைத்தான். கீழே கூடத்தில் முப்பத்துச் சொச்சம் மெஷின்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, முதல் மெஷினில் வெறும் துணியாக நுழைவது கடைசி மெஷினில் சட்டையாக வெளியே வந்தால் அது ஒரு லைன். மேலே அவன் திரையில் அந்த லைன் ஒவ்வொன்றும் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கும் பெயர் லைன்தான். அவன் குடியிருப்பது லைன் வீடு, எட்டுக் கதவும் ஒரே ஓட்டின் கீழ், ஒரே குழாயடி. இந்துராணிக்கு அவன் லைன் அடித்ததும் பத்தாம் லைனில்தான். அப்போது இவன் செக்கிங்கில் நின்றான், சிஸ்டம் கிஸ்டம் ஒன்றும் தெரியாது. நாலாவது மெஷினில் அவள். கழுத்துப்பட்டி வைப்பது அவள் வேலை, வைத்தால் அளவெடுத்தாற்போல உட்காரும், ஒரு தையல் பிசகாது. பிசகாததுதான் இவனுக்குத் தொந்தரவாகப் போயிற்று. தப்பு இருந்தால்தானே ஆளைக் கூப்பிட முடியும். ஒருநாள் துணிந்து, நல்லா இருக்கிற பீஸிலேயே சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான். வந்தாள். பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதுல என்னுங்க தப்பு என்றாள். இவன் முழித்தான். மறுநாளும் ஒரு வட்டம், அதற்கு மறுநாளும் ஒன்று. நாலாம் நாள், ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்களா, இல்ல வேற ஏதாச்சும் சொல்லோணுங்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். லைன் முழுக்கச் சிரித்தது. இல்லாத தப்பை இருக்கு என்று சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. இப்போது இருக்கிற தப்பை இல்லை என்று சொன்னால் போதும், சொல்லக்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

எப்படி வந்தது இந்த ஒன்பது? நேற்றுச் சாயங்காலம் சின்னவர், அதாவது முதலாளி பெரியவரின் மகன், பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். ஆறு மாதத்துக் கணக்கு, ஒவ்வொரு லைனும் ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் தைக்க வேண்டும், இத்தனைதான் தைத்தது, நூற்றுக்கு எத்தனை என்று பதினொரு கோடுகள், பதினொரு நிறம். "ஏனுங்க சிகாமணி, இதென்ன நோம்பிக் கடையாட்டம் இத்தனை கலரு? எனக்கே தலை சுத்துது, அப்பா பாத்தா கண்ணாடியக் கழட்டி வெச்சிருவாரு. எல்லாத்தையும் சாம்பலாக்குங்க. மெலிசா. எது ரொம்பக் கீழ கெடக்குதோ அது மட்டும் சிவப்பு, நல்லா தடிமனா. பேரும் அதுக்கு மட்டும் இருந்தாப் போதும்." சரிங்க என்றான். இந்த வேலை அவனுக்குப் பிடிக்கும், பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்கிற புரோகிராம் மொழியில் சார்ட் போடும்போது ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நீ இந்த நிறம், நீ இவ்வளவு தடிமன், நீ விட்டுவிட்டு ஓடு, நீ வளைந்து ஓடு, உனக்குப் புள்ளி வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னபடி கேட்கும். கல்யாண வீட்டில் பந்தியில் ஆளுக்கு ஆள் கேட்டுக் கேட்டுப் பரிமாறுகிற மாதிரி அவன் ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தான், ஒன்றாம் லைனுக்கு ஊதா, ஐந்தாம் லைனுக்கு மஞ்சள், பத்துக்கு, அது அவன் இஷ்டம், மயில் கழுத்து நிறம். அத்தனையையும் அழித்துச் சாம்பலாக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. ரொம்பக் கீழே எது என்று சராசரி போட்டுப் பார்த்தான். பத்தாம் லைன், நூற்றுக்கு நாற்பத்தொன்று. அதற்கு மேலே பதினொன்றாம் லைன், நாற்பத்து மூன்று. பத்து என்று பார்த்ததும் திரையை அணைத்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்தான், வந்தான், சிவப்புப் போட்டான், அது எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சேமித்துவிட்டுக் கிளம்பினான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

சிவப்புப் போடும்போதுதான் கை பிசகியது. புரோகிராம் ஒன்றிலிருந்து எண்ணாது, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். முதல் லைன் அதற்குப் பூஜ்ஜியம், இரண்டாம் லைன் அதற்கு ஒன்று. ஒன்று கழித்துப் போட வேண்டும், இது கை பழகிய வேலை. பத்தில் ஒன்று போனால் ஒன்பது, ஒன்பது என்று அடித்தான். ஆனால் இந்தக் கம்பெனியில் எட்டாம் லைன் கிடையாது. ஷெட் கட்டும்போது எண் பார்க்கிற ஒருத்தர் வந்து, பெரியவர் பேருக்கு எட்டு ஆகாது, எட்டை வைத்தால் எட்டு வருஷம்கூட ஓடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் அன்றைக்கே பெயின்டரைக் கூப்பிட்டு ஏழுக்கு அடுத்து ஒன்பது எழுதச் சொன்னார். அதனால் இங்கே ஏழாம் லைனுக்குப் பக்கத்தில் ஒன்பதாம் லைன், கடைசி லைனுக்குப் பன்னிரண்டு. புதிதாக வருகிறவர்கள் ஒரு நாள் எட்டைத் தேடுவார்கள், மறுநாள் பழகிவிடும். சிகாமணி பதினாலு வருஷமாக இங்கே இருக்கிறான், வந்த புதிதில் யாரோ அவனை எட்டாம் லைனில் போய்க் கத்திரி வாங்கிட்டு வா என்று அனுப்பிச் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அப்படி இருந்தும் நேற்று மறந்தது. ஒரு எண் குறைவதால் பத்தாம் லைன் புரோகிராமுக்கு எட்டு. அவன் போட்ட ஒன்பது போய் உட்கார்ந்தது பதினொன்றாம் லைனில். இரண்டு கோடும் ஆறு மாதமாகப் பின்னிப் பின்னித்தான் ஓடுகின்றன, ஒருநாள் இது கீழே, ஒருநாள் அது கீழே. தடித்த சிவப்புக்கு அடியில் ஒரு மெல்லிய சாம்பல் இன்னும் கொஞ்சம் கீழே போவதை யார் கவனிக்கப் போகிறார்கள். சின்னவர் மத்தியானம் ஒரு மணிக்குத் தன் ரூமிலேயே திறந்து பார்த்துவிட்டார். பதினொண்ணு, சரி, என்று போனில் யாரிடமோ சொன்னாராம். அப்போது சிகாமணி இந்துராணி கட்டிக்கொடுத்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், மாவடு வைத்திருந்தாள், காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்காமலே வந்திருந்தான். நேற்று முழுக்கச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, உன் லைனுக்குச் சிவப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், சோறு போடு என்றா.

விட்டுவிடலாம். இந்த எண்ணம் வந்து உட்கார்ந்தது, கொஞ்சம் நேரம் இருந்தது, எழுந்து போகவில்லை. விட்டுவிட்டால் பத்தாம் லைன் பிழைக்கும், முப்பத்திரண்டு பேர். பதினொன்று போகும், முப்பத்து நாலு பேர். இரண்டு பேர்தான் வித்தியாசம் என்று மனசு கூட்டிக் கழித்தது, அப்படிக் கூட்டிக் கழிக்கிறதே என்று அதற்கு ஒரு வெட்கமும் இல்லை. பதினொன்றில் பாதிக்கு மேல் ஒடிசாப் பிள்ளைகள், கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறவர்கள், லைன் போனால் ஹாஸ்டலும் போச்சு, ரயிலேறி ஊருக்குப் போக வேண்டியதுதான். போகட்டுமே, அவங்களுக்கு ஊர் இருக்கிறது. எனக்கும்தான் ஊர் இருக்கிறது. பதினொன்றுக்குச் சூப்பர்வைசர் பத்மாவதியக்கா. அந்த அக்கா முன்னால் பத்தாம் லைனில்தான் இருந்தது, ஐந்தாவது மெஷின், இந்துராணிக்கு அடுத்து. ஆஸ்பத்திரியிலிருந்து இந்துராணி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது, பதினாறு நாள், ஒருநாள் தவறாமல் ஷிப்ட் முடிந்து அப்படியே பஸ் மாறி வந்து, ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து, தின்னு கண்ணு, தின்னுட்டு அழு என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்த அக்காதான். சிகாமணி வாசலில் நின்றிருந்தான். அந்தப் பதினாறு நாளும் அவன் வாசலில்தான் நின்றிருந்தான். யாரும் அவனைத் தின்னு என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தின்றிருப்பான், பசித்தது, அதுதான் அவமானமாக இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு லைன். நினைக்க வேண்டாம் என்றால்தான் வரும். ஒன்பதாம் மாதம் பெல்ட் மாதிரி ஒன்றை வயிற்றில் கட்டி, பக்கத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து கட்டம் போட்ட தாள் மெல்ல மெல்ல வெளியே வரும், தாளில் குழந்தையின் துடிப்பு கோடாக ஏறி இறங்கும். நர்ஸ் அதைக் கிழித்துக் கையில் கொடுத்து, லைன் நல்லா இருக்குதுங்க, பயப்படாதீங்க என்றாள். அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பஸ்ஸில் வரும்போது எடுத்துப் பார்த்தான், எத்தனை மெலிசாக, எத்தனை சுருக்காக ஓடுகிறது என்று வியந்தான், அவனுக்குக் கோடு பார்க்கத் தெரியும் என்கிற கர்வம் வேறு. நாலு நாள் கழித்து மறுபடி பெல்ட் கட்டினார்கள், மறுபடி கட்டினார்கள், வேறு பெட்டி கொண்டுவந்து கட்டினார்கள். யார் மேலும் தப்பில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடும் என்று பெரிய டாக்டரம்மா சொன்னார், கண் கலங்கித்தான் சொன்னார். முதல் தாள் பீரோவில் சேலைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. போன மாதம் எதையோ தேடும்போது எடுத்துப் பார்த்தான். கட்டங்கள் இருந்தன, கோட்டைக் காணோம். அந்த வகைத் தாள் அப்படித்தானாம், சூட்டில் எழுதுவது, நாள் போனால் வெளுத்துவிடும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். இந்துராணியிடம் சொல்லவில்லை, மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டான். இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இருபதாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிட்டாள், எல்லாரும் தடுத்தார்கள். அந்த மெஷின்ல உக்காந்தாத்தானுங்க எனக்குக் கையி எங்கிருக்குது காலு எங்கிருக்குதுன்னு தெரியுது என்றாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுக்கு முகம் செத்துவிடும், பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்ப்பாள். லைனை எடுத்துவிட்டால் அவளுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை. வேறு கம்பெனியும் இந்த சீசனில் ஆள் எடுக்கவில்லை, இருக்கிற ஆளையே அனுப்புகிறார்கள். அவனுக்கு ஒரே பயம் அதுதான், பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, தெரிந்த விஷயம், நாளைக்கு மழை வரும் என்று தெரிகிற மாதிரி.

மணி மூன்று பதினெட்டு. பத்தாம் லைன் மட்டமான லைனா என்றால் கிடையாது, கம்பெனியிலேயே கை சுத்தமான லைன் அதுதான், அதனாலேயே இந்தக் கதி. சின்னச் சின்ன ஆர்டர், குழந்தைத் துணி, சாம்பிள், இருநூறு பீஸ் ஒரு மாடல், முந்நூறு பீஸ் ஒரு மாடல், கஷ்டமானது எல்லாம் பத்துக்குத்தான் போகும், அவங்கதான் பிசகில்லாமல் தைப்பாங்க என்று. ஒவ்வொரு மாடல் மாறும்போதும் மெஷினுக்கு நூல் மாற்ற வேண்டும், இடம் மாற்ற வேண்டும், கை பழக வேண்டும், அரை நாள் போய்விடும். மற்ற லைன்கள் மாதம் முழுக்க ஒரே பனியனைத் தைத்துத் தள்ளும். நூற்றுக்கு எத்தனை என்று மட்டும் கேட்டால் பத்து கீழேதான் கிடக்கும். இதுவும் அவனுக்குத் தெரியாததில்லை. போன வாரமே ஒரு வேலை செய்து வைத்திருந்தான். ஒரு கோட்டுக்குள்ளேயே ஒரு துண்டை மட்டும் வேறு மாதிரி ஆக்கலாம். மாடல் மாறிய நாள் எதுவோ அந்த நாளில் மட்டும் கோடு முழுக்கோடாக இல்லாமல் விட்டுவிட்டு, ஐந்து புள்ளி கோடு, ஐந்து புள்ளி இடைவெளி என்று ஓடும்படி எழுதியிருந்தான். பார்க்கிறவனுக்கு ஏன் இங்கே அறுகிறது என்று ஒரு கேள்வியாவது வரும். சின்னவர் அதையும் பார்த்தார். இந்தப் புள்ளி கிள்ளியெல்லாம் வேண்டாமுங்க, நீட்டா இருக்கட்டும் என்றார். எடுத்துவிட்டான். அழிக்கவில்லை, முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு ஓடாமல் நிறுத்தி வைத்தான். இரண்டு சாய்கோட்டுக்குப் பின்னால் என்ன எழுதியிருந்தாலும் புரோகிராமுக்குக் காது கேட்காது. அவன்கூட இரண்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறான் என்று தோன்றியது, உடனே, ஆமா பெரிய கண்டுபிடிப்பு என்று தன்னையே ஒரு ஏச்சு ஏசிக்கொண்டான். ஒன்பது என்கிற எண்ணுக்குப் பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. விரலை எட்டின் மேல் வைத்தான். எடுத்தான். கண்டுபிடித்தது எனக்கு மட்டும்தானே தெரியும். நாளைக்கே வேறு யாராவது பார்த்தால் தெரியாமல் நடந்தது என்றுவிடலாம், தெரியாமல்தானே நடந்தது. மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கிறவரைக்கும் தெரியாது. அதற்குப் பின்னால்தான் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் போதும். மறுபடி விரலை வைத்தான், மறுபடி எடுத்தான், மறுபடி பதினொன்றாம் லைனில் யார் யார் என்று நினைத்துப் பார்த்தான், பத்மாவதியக்காவின் ரசத்துக்கு மேல் நினைவு நகரவில்லை.

மூன்றரைக்குப் பெல் அடித்தது. டீ நேரம், பத்து நிமிடம். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, மேஜை நடுக்கம் நின்றது, டம்ளர்த் தண்ணீர் அசையாமல் நின்றது. கூடத்தில் போன் கூடாது, டீ நேரத்தில் முற்றத்தில்தான் பேசலாம். அவன் போன் அடித்தது. இந்துராணி.

"ஏனுங்க, வேலையா இருக்கறீங்களா?"

"இல்ல, சொல்லு."

"பதினொண்ணாம் லைன எடுக்கறாங்களாமா?"

"யாரு சொன்னா?"

"மத்தியானமே தெரிஞ்சுபோச்சுங்க. சின்னவரு போனுல பேசுனதக் கேட்டுட்டு வந்து சொல்லீட்டாங்க. பத்மாக்கா எனக்கு எதுத்தாப்புலதான் உக்காந்திருக்குது. டீயக் கையில வெச்சுட்டு அப்படியே இருக்குது. அந்த ஒடிசாப் புள்ளைங்களுக்கு இன்னும் வெவரம் புரியல, சிரிச்சுட்டிருக்குதுங்க." முற்றத்துச் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து நீங்க வாயே தொறக்கலியா, நான் நம்ம லைனுதான்னு நெனச்சுட்டனுங்க. காலைல இருந்து கையே ஓடல. இப்பப் பத்து இல்லைன்னதும் எனக்குச் சந்தோசமாப் போச்சு. பத்மாக்கா மூஞ்சியப் பாத்துட்டே சந்தோசமா இருக்குது. அது பாவமுங்களா?"

சந்தோசமா இருக்குது என்று அவள் சொல்லிச் சிகாமணி கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வார்த்தையை எடுத்து எங்காவது பத்திரமாக வைக்க வேண்டும்போல இருந்தது, பீரோவில், சேலைக்கடியில். அங்கே வைத்தால் வெளுத்துப்போகும்.

"படம் நீங்க போட்டதுன்னு சொன்னாங்க," என்றாள். "நீங்க போட்டாச் சரியாத்தான் இருக்குமுங்க."

சாக்பீஸ் வட்டம் போட்ட அந்த முதல் பீஸ் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, இதுல என்னுங்க தப்பு என்று கேட்டது. தப்பு இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், செக்கிங் சொன்னால் ஏதாவது இருக்கும் என்று கழுத்துப்பட்டியைப் பிரித்து மறுபடி தைத்தாள், முதல் மூன்று நாளும். நீங்க போட்டாச் சரியாத்தான் இருக்கும். அந்த வார்த்தை போய் எங்கோ மாட்டிக்கொண்டது, நகர மாட்டேன் என்றது.

"இந்து, லைன்ல இரு," என்றான்.

போனை மேஜைமேல் வைத்தான். ஒன்பதை அழித்தான். எட்டை அடிக்க வேண்டிய விரல் மரக்காத விரல்தான், ஆனாலும் அடித்தோமா இல்லையா என்று தெரியாமல் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். எட்டு. இந்தக் கம்பெனியில் சுவரில், மெஷினில், ஆள் அடையாள அட்டையில் எங்கேயும் எழுதக்கூடாத எண். சேமித்தான். சிவப்பு பதினொன்றிலிருந்து எழுந்து பத்தில் போய் உட்கார்ந்தது, பெயரும் கூடவே மாறியது. பதினொன்று மெலிந்து சாம்பலாகிக் கூட்டத்தில் கலந்தது. அவ்வளவு சுலபம். நல்ல மனசால் செய்தானா, மரத்துப்போன மனசால் செய்தானா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வலிக்கிறவன் ஒருவேளை செய்திருக்க மாட்டான். போனை எடுத்தான்.

"இந்து."

"உம், இருக்கறனுங்க."

"பதினொண்ணு இல்ல. எட்டு நம்பரு இல்லைங்கறத மறந்துட்டேன். எண்ணுறது ஒண்ணு தள்ளிப்போச்சு."

பதினாறு வருஷமாக எட்டில்லாத கம்பெனியில் இருக்கிறவள். விளக்கம் தேவைப்படவில்லை. "அப்பப் பத்து," என்றாள் அவளே.

"ஆமா."

"நீங்கதான் மாத்துனீங்களா?"

"நாந்தான். இப்பத்தான்."

முற்றத்தில் யாரோ டம்ளர் கழுவுகிற சத்தம், ஒடிசாப் பிள்ளைகளின் சிரிப்பு. அவன் காத்திருந்தான். அழுவாள் என்று காத்திருந்தான், திட்டுவாள் என்று காத்திருந்தான், எதுவானாலும் அது தனக்கும் சேர்த்து நடக்கட்டும் என்று ஒரு சின்ன ஆசைகூட இருந்தது.

"பத்மாக்காகிட்டச் சொல்லீரட்டுங்களா?" என்றாள். "அதுக்கு டீ ஆறுது."

"சொல்லு," என்றான். அந்த ஒரு சொல்லில் குரல் பிசிறிவிட்டது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஏனுங்க, நாங்க மாடல் மாத்துன நாளெல்லாம் அதுல தெரியுங்களா?"

"போட்டிருந்தேன். வேண்டாமுன்னு எடுக்கச் சொல்லீட்டாங்க."

"போடுங்க."

"போட்டா மட்டும் விட்டுருவாங்களா இந்து."

"எடுக்கறதுன்னா எடுத்துக்கட்டுமுங்க. சும்மா கெடந்ததால எடுத்தாங்கன்னு ஆகக்கூடாது. எத்தனை தடவ நூல மாத்தியிருப்போம், அது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாமா?" பெல் அடித்தது, போனிலும் கண்ணாடிக்கு அந்தப்பக்கமும் ஒரே சமயத்தில். "வெச்சர்றனுங்க. பட்டன் வெச்ச குழந்தைச் சட்டை ஓடுது, இன்னிக்கு முடிக்கோணும்."

இரண்டு சாய்கோட்டையும் அழித்தான். சிவப்புக் கோடு முழுசாக இருந்தது ஒரு தரம் சிமிட்டி, பல இடங்களில் அறுந்து நின்றது. எண்ணிப் பார்த்தான், ஆறு மாதத்தில் ஐம்பத்து மூன்று இடம். பதினொன்றில் நாலு. மற்றதில் ஒன்றோ இரண்டோ. கீழே மெஷின்கள் ஆரம்பித்தன. மேஜை மறுபடி அதிர்ந்தது. வலது கையை விரித்து மேஜைமேல் வைத்தான். மூன்று விரலில் தெரிந்தது, இரண்டு விரலில் தெரியவில்லை. அவளுடைய மெஷின் எது என்று அந்த நடுக்கத்தில் பிரித்துப் பார்க்க முடியாது, பார்த்தான்.

நாலு மணிக்கு மீட்டிங் ரூமில் திரை போட்டார்கள். சின்னவர் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். "என்னுங்க சிகாமணி, மத்தியானம் பதினொண்ணா இருந்துது?"

"தப்புங்க. எட்டு இல்லாதத மறந்துட்டனுங்க. பத்துதானுங்க கீழ."

எட்டு என்றதும் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. சின்னவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, "சரி, பத்துன்னா பத்து. அவ்வளவுதானுங்கப்பா, பத்த எடுத்தரலாம்," என்று குறிப்பேட்டைத் திறந்தார். சிகாமணி சுவரோரமாக நின்றான். அவனைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, எப்போதும் கூப்பிட்டதில்லை, படத்தைப் போட்டுவிட்டுக் கதவோரம் நிற்பதோடு அவன் வேலை முடிந்தது. வாசலில் நிற்பது அவனுக்குப் பழக்கம்தான்.

பெரியவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒற்றை மெஷினில் தானே உட்கார்ந்து தைத்தவர், கோடு கீடெல்லாம் அவருக்கு ஆகாது, மகன் காட்டினால் தலையாட்டுவார். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு விரலால் சிவப்பைத் தொட்டு, தொட்டபடியே வலது பக்கம் நகர்த்திக்கொண்டு போனார். விரல் நின்றது. கொஞ்சம் போய் மறுபடி நின்றது.

"இதென்னுங்க," என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "இந்தக் கோடு மட்டும் ஏன் இப்பிடி நூலு அறுந்தறுந்து கெடக்குது?"

சின்னவர் வாயைத் திறந்தார். அதற்குள் சிகாமணி சுவரை விட்டு நகர்ந்திருந்தான். கண்ணில் என்னவோ கரித்தது, வலது கை சுண்டுவிரல் நுனியில் ஊசி குத்தினாற்போல ஒன்று சுரீர் என்றது.

"சொல்றனுங்க," என்றான்.